ஆளுக்கொரு பூட்டு

அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்பார்கள். நானும் பார்த்தேன். ஐந்து பேரை வேனில் ஏற்றி, மூன்று மணி நேரம் ஓட்டிப் போய்ப் பார்த்தேன். ஆழமாகத்தான் இருந்தது. சிவப்பும் காவியும் அடுக்கடுக்காகப் பாறை, அடியில் பச்சையாக ஆறு. யாராவது கேட்டால் நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன்.

நான் ஒரு லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். காலையில் மெக்கானிக்குகளை வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டு கட்டடங்களில் இறக்கிவிடுவேன், சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவேன். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. டிரைவரைச் சுவர் என்று நினைத்துக்கொண்டு மனுஷர்கள் என்னென்னவோ பேசுவார்கள். சுவருக்கும் காது உண்டு என்று சொல்லி வைத்தவனைத்தான் உதைக்க வேண்டும்.

எங்கள் கோஷ்டியில் மூத்த மெக்கானிக்குக்கு அத்தான் என்று பெயர். அவருடைய மச்சினன் அதே கோஷ்டியில் வேலைக்குச் சேர்ந்து, அத்தான் ஸ்பானர் எடுங்க, அத்தான் கயிறு விடுங்க என்று நாள் முழுக்கக் கூப்பிட்டதில் எல்லோருக்கும் அவர் அத்தானாகிப் போனார். கட்டடத்து வாட்ச்மேன்கூட அத்தான் சார் என்பான். மச்சினனுக்குச் சின்னவன் என்று பெயர். அத்தானின் மனைவி எங்களுக்கு அக்கா. சின்னவன் கல்யாணம் ஆகாதவன், அக்கா வீட்டிலேயே இருக்கிறான். இவர்கள் போக, லிஃப்ட் ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போடும் கிரீஸ், கரண்ட் வேலை பார்க்கும் வயர்மேன். அவ்வளவுதான் கோஷ்டி.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிற ஒவ்வொருவனும் மேலே மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். சுவிட்சில் ஓர் இரும்புக் கவ்வி மாட்டுவார்கள். அதில் ஆறு துளை. ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு, ஆளுக்கொரு சாவி, பூட்டில் அவனவன் போட்டோ ஒட்டிய அட்டை. ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் கவ்வி வாயைத் திறக்காது, கரண்ட் வராது. மாட்டினவன்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் அடுத்தவன் பூட்டில் கை வைக்கக் கூடாது.

பள்ளத்தாக்குக்குப் போவதற்கு ஐந்து மாசத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில், அந்தக் கவ்வியில் ஒரே ஒரு பூட்டுத்தான் தொங்கியது. அது அத்தானுடையது. சின்னவன் பூட்டு போடாமல் குழிக்குள் இருந்தான். அத்தான் தன் பூட்டைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டார். எட்டாவது மாடியில் யாரோ பொத்தானை அமுக்கினார்கள். கேபின் மேலே போனால் அதற்கு ஈடான இரும்பு எடை கீழே வரும். சின்னவனுக்கு இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே போய்விட்டன.

விசாரணைக்கு வந்தவர்களிடம் சின்னவன் கட்டிலில் படுத்தபடியே சொன்னான்: "அத்தான்கிட்ட சொல்லாம நான்தான் திரும்ப உள்ள போனேன். பூட்டும் போடல. என் தப்பு." எழுதிக்கொண்டு போனார்கள். கதை அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு வாரம் கழித்து ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியிருந்தேன். பக்கத்து சீட்டில் அத்தான். ரயில் போய்க்கொண்டிருக்கும்போது பேசினார்.

"அவன் சொன்னது பொய், டிரைவரே. பூட்டைக் காணோம் அத்தான், உங்க பூட்டு ஒன்னு போதும்னு என்கிட்ட கேட்டுட்டுத்தான் இறங்கினான். நானும் சரின்னேன்."

"அப்புறம் எப்படி?"

"வாட்ச்மேன் கீழேருந்து கத்தினான், சீக்கிரம் போடுங்கன்னு. கவ்வியைப் பாத்தேன். ஒரு பூட்டு தொங்குது. என்னுது. கை தானா சாவியைப் போட்டுச்சு. இருபத்திரெண்டு வருஷமா அப்படித்தானே பழகியிருக்கு கை? வேற பூட்டு இல்லன்னா உள்ள ஆள் இல்லன்னு அர்த்தம்." என் பக்கம் திரும்பி, "அவளுக்குத் தெரிஞ்சா செத்துடுவா. நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்றேன்.

அது ஒன்று. அடுத்த மாசம், சாப்பாட்டு டப்பாவை வாங்க அடுக்களை வரைக்கும் போன என்னிடம், அக்கா டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். சின்னவனின் சிவப்புப் பூட்டு. அட்டையில் அவன் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை அவன் யூனிஃபார்ம் துவைச்சேன். பாக்கெட்ல இருந்துச்சு. நனைஞ்சா துருப்பிடிக்கும்னு எடுத்து இங்க வெச்சேன். திங்கக்கிழமை அவன் அவசர அவசரமா ஓடினான். எனக்கும் ஞாபகம் இல்ல. நான்தான் தம்பி என் தம்பி காலை எடுத்துட்டேன்."

"அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா."

"அவருக்கு மட்டும் தெரியக் கூடாது. ஏற்கெனவே என் முகத்தைப் பாத்துப் பேசறதில்ல. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

அவன் ஏன் அவசரமாக ஓடினான் என்பதும் எனக்குத் தெரியும். வாசலில் நின்று மூன்று தடவை ஹாரன் அடித்தவன் நான்தான். அது என் பங்கு. அதை யாரிடம் சொல்வது?

ஆக, ஒரே வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒன்றை வைத்திருந்தார், பெண்டாட்டி புருஷனுக்குத் தெரியாமல் ஒன்றை வைத்திருந்தாள், இரண்டும் என் வயிற்றில் இருந்தன. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தினமும் காலையில் அந்த வீட்டு வாசலில் நிற்பேன். முன் அறையில் சின்னவன் கட்டில், அதன் பக்கத்தில் சக்கர நாற்காலி, யாரும் பார்க்காமல் ஓடுகிற டிவி. அத்தானும் அக்காவும் கேஸ் வந்துச்சா, தண்ணி ஏத்தியாச்சா, மாத்திரை குடுத்தியா என்று மட்டும் பேசிக்கொள்வார்கள். சண்டை போட்டாலாவது சத்தம் கேட்கும். அதுவும் இல்லை.

அத்தான் அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்திலும் ஏறவில்லை. கம்பெனியில் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். போல்ட், நட்டு, வாஷர் என்று ரகம் பிரித்துத் தட்டில் போடும் வேலை. பிரித்து முடித்ததும் தானே எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மறுபடி பிரிப்பார் என்று கிரீஸ் சொன்னான். அக்கா வீட்டை விட்டே போய்விடலாமா என்று சின்னவன் யோசிக்க ஆரம்பித்திருந்தான். "நான் இங்க இருக்கற வரைக்கும் இவங்க ரெண்டு பேரும் என் காலையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. இல்லாத காலைப் பாக்க என்ன இருக்கு? நான் எங்கேயாவது ஹாஸ்டல்ல போய்க் கிடக்கறேன்" என்றான் கிரீஸிடம். விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தான்.

கிரீஸுக்கு அதைக் கேட்டதும் வந்த யோசனைதான் பள்ளத்தாக்கு. அவனுக்கு எந்த நோய்க்கும் ஒரே மருந்து, வண்டி எடுத்துக்கொண்டு எங்கேயாவது போவது. "நல்ல காத்து, நல்ல சோறு. போயிட்டு வந்தா எல்லாம் சரியாயிடும்" என்றான்.

"என்ன சரியாகும்?" என்றான் வயர்மேன்.

"ஏதாவது சரியாகும்பா. எல்லாத்துக்கும் மீட்டர் வெச்சுப் பாக்காதே."

ஆச்சரியம் என்னவென்றால் சின்னவன் உடனே சரி என்றான். "ஆழமா எதையாவது பாக்கணும். பயமா இருக்கான்னு பாக்கணும்." அவன் வருகிறான் என்றதும் அக்காவும் வந்தாள், அக்கா வருகிறாள் என்றதும் அத்தானும் வந்தார். அவருக்கு வரவும் இஷ்டமில்லை, வர மாட்டேன் என்று சொல்லவும் தெம்பில்லை.

கிளம்பினபோது வெயில் ஏறவில்லை. அக்கா ரொட்டியும் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் கட்டிக்கொண்டு வந்தாள், பெரிய பிளாஸ்க்கில் டீ. முட்டையை எண்ணி ஆளுக்கு இரண்டு என்று தனித்தனியாகச் சுற்றியிருந்தாள். அவள் கைப்பையை மட்டும் சீட்டில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். சின்னவனைத் தூக்கி நடு சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டைப் போட்டோம். வேலைக்குப் போகிற வேன்தானே, பின்னால் கயிறு, இடுப்புப் பெல்ட், கருவிப் பை எல்லாம் அப்படியே கிடந்தன.

வழி முழுக்கக் கிரீஸ் ஒருவன்தான் பேசினான்.

"அத்தான், அந்தப் பழைய மார்க்கெட் லிஃப்ட் ஞாபகம் இருக்கா? நாலாவது மாடின்னு அமுக்கினா ரெண்டாவது மாடில நிக்குமே. எதுக்கு வம்புன்னு அந்த ஜனங்க போர்டையே மாத்தி எழுதிட்டாங்களே!"

"ம்" என்றார் அத்தான்.

"சின்னவா, அந்த லிஃப்ட்டுல நீ ஒரு தடவை மாட்டிக்கிட்டு..."

"ஞாபகம் இருக்கு" என்றான் சின்னவன்.

"அக்கா, ஒரு முட்டை குடுங்க. பேசிப் பேசித் தொண்டை காஞ்சு போச்சு."

"தொண்டை காஞ்சா தண்ணி குடிப்பாங்க. முட்டையா கேப்பாங்க?" என்றாள் அக்கா. அன்றைக்கு வேனில் ஒரு வீட்டில் பேசுகிற மாதிரி வந்த பேச்சு அது ஒன்றுதான்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வண்டியை நிறுத்தி, சின்னவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கம்பித் தடுப்பு வரைக்கும் போனோம். தரை திடீரென்று முடிந்துவிடுகிறது. எதிரே மறுபடி தரை ஆரம்பிக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. கீழேயிருந்து காற்று மேலே வந்து முகத்தில் அடித்தது. சுற்றி நின்றவர்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். நாங்கள் வரிசையாக நின்று பார்த்தோம்.

"எத்தனை மாடி இருக்கும்?" என்றான் கிரீஸ்.

வயர்மேன் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கல்லைப் போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கல் எறியாதீர்கள் என்ற பலகை அவன் தலைக்கு மேலேயே இருந்தது. "நாலரை செகண்டு. நூறு மீட்டர். முப்பத்திமூணு மாடி."

"லிஃப்ட் போட்டுடலாம். கேபினை இந்தப் பாறையில இறக்கலாம். வெயிட்டை..." என்று சொல்லிவிட்டுக் கிரீஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அத்தான் கம்பியைப் பிடிக்கவில்லை. இரண்டு அடி பின்னால் நின்றுகொண்டு எதிர்ப்பக்கத்துப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்க்காமல், அவர் பார்த்த பாறையைப் பார்த்தாள்.

தடுப்பின் ஓரத்தில் ஒரு திறப்பு. அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகள் இறங்கின. அறுபத்து நாலு படிக்குக் கீழே ஒரு சின்ன மேடை தெரிந்தது. அதில் நாலைந்து பேர் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க போகணும்" என்றான் சின்னவன்.

"நாற்காலி இறங்காதுடா" என்றாள் அக்கா.

"நாலு ஆம்பளைங்க இருக்காங்க. தினம் டன் கணக்குல இரும்பைத் தூக்கறவங்க. நான் என்ன, பாதி ஆளுதானே? இன்னும் சுலபம்."

கிரீஸ் வேனுக்கு ஓடினான். அவனுக்குக் கையில் வேலை கிடைத்ததே போதும் என்றிருந்தது. கயிறும் பெல்ட்டும் கருவிப் பையும் வந்தன. நானும் கிரீஸும் வயர்மேனும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியில் இறங்குவது, நாற்காலியில் கட்டிய கயிற்றை மேலே இரும்புத் தூணில் இரண்டு சுற்று சுற்றி ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது என்று ஏற்பாடு. எங்களில் யாருக்காவது கால் சறுக்கினாலும் மேலே இருப்பவர் பிடித்துவிடலாம். காவலாளி விசில் ஊதிக்கொண்டு வந்தான்.

"இங்க சேரெல்லாம் இறக்கக் கூடாது!"

"நாங்க லிஃப்ட் ஆளுங்க சார். ஏத்தறதும் இறக்கறதும்தான் எங்க வேலையே" என்றான் கிரீஸ். காவலாளி சின்னவனின் பேன்ட் மடிப்பைப் பார்த்தான். பிறகு விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டான்.

"மேல கயிறு பிடிக்கறது அத்தான்" என்றான் சின்னவன்.

"நான் வேணாம்." அத்தான் தலையை ஆட்டினார். "வயர்மேன் பிடிக்கட்டும். நான் ஸ்டோர் ஆளு."

"நீங்க பிடிச்சாத்தான் நான் இறங்குவேன்."

"வேணாம்டா."

"அப்ப வண்டியைத் திருப்புங்க. போலாம்."

கடைசியில் அத்தான் வந்து கயிற்றைத் தூணில் சுற்றினார். முடிச்சைப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார். கயிற்று நுனியின் கொக்கியைத் தூணோடு சேர்த்து மாட்டி, கருவிப் பையிலிருந்து அந்த ஆறு துளைக் கவ்வியை எடுத்துக் கொக்கியின் வாயில் போட்டார். ஏன் போட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கை போட்டது.

சின்னவன் அதைப் பார்த்தான். "சரி. ரூல்னா ரூல்தான். ஆள் குழியில இறங்குது. பூட்டு போடுங்கப்பா."

கிரீஸ் தன் பூட்டை எடுத்துப் போட்டான். வயர்மேன் போட்டான். அத்தான் பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டார். ஸ்டோருக்குப் போய் ஐந்து மாசமாகியும் பூட்டை அவர் ஒப்படைக்கவில்லை. அதையும் போட்டார். மூன்று சிவப்புப் பூட்டுகள் தொங்கின.

"என்னுது அன்னிக்கே காணாமப் போச்சு" என்றான் சின்னவன் சாதாரணமாக. "கம்பெனில சொன்னா விளக்கம் எழுதிக் குடுன்னு உயிரை எடுப்பானுங்க. அதான் வாயைத் திறக்கல. இன்னிக்கு எனக்கு ஒரு முடிச்சு போட்டு விட்டுடுங்க, போதும்."

அக்கா கைப்பையைத் திறந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் பிளாஸ்டிக் பையைப் பிரித்து, பூட்டையும் சாவியையும் தம்பியின் மடியில் வைத்தாள்.

"துணி துவைக்கறப்ப எடுத்தேன்" என்றாள். "குடுக்க மறந்துட்டேன்."

"ஞாயித்துக்கிழமையா?" என்று கேட்டார் அத்தான்.

"ஆமா."

"எங்க வெச்சிருந்தே?"

"டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாடி."

"தினம் டீ போட்டிருக்கியே."

"தினம் போட்டேன்."

அத்தான் தூணில் சுற்றிய கயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பூட்டு இல்லன்னு அவன் என்கிட்ட சொன்னான். என் பூட்டு போதும்னு நான்தான் இறங்க விட்டேன். அப்புறம் நானே கழட்டினேன். அவன் உள்ள இருக்கான்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்."

"போச்சுடா!" என்றான் சின்னவன். "அஞ்சு மாசம் கட்டிக் காத்ததை ரெண்டு நிமிஷத்துல போட்டு உடைச்சாச்சு. உங்களை யார் கேட்டா அத்தான்? நான் எதுக்கு அத்தனை பேர் முன்னாடி பொய் சொன்னேன்? பூட்டு இல்லன்னா இறங்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன பாப்பாவா?"

அக்கா புருஷனையே பார்த்தாள். எத்தனை நாள் கழித்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"அப்ப நீங்க என்மேல கோவமா இல்லையா?"

"உன்மேல நான் எதுக்குக் கோவப்படணும்?"

"பேசலையே நீங்க."

"நீயும்தான் பேசல."

அவ்வளவுதான். யாராவது அழுவார்கள் என்று பார்த்தேன். யாரும் அழவில்லை. ஐந்து மாசம் அடைத்து வைத்தது திறந்தால் வெள்ளமாக வரும் என்று நினைத்திருந்தேன். உள்ளே எல்லாம் வற்றிப் போயிருந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் எங்களைக் கொஞ்சம் நகரச் சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டது.

"வெயில் சுடுது" என்றான் சின்னவன். "இறக்கறீங்களா இல்லையா?" நாற்காலியை உருட்டிக்கொண்டு போய், தன் பூட்டைத் தானே கவ்வியில் மாட்டி, சாவியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

தூக்கினோம். நான் பின்பக்கம், அவர்கள் இருவரும் முன்பக்கம். ஒவ்வொரு படிக்கும் வயர்மேன் எண்ணிக்கை சொன்னான். பாறை வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. கயிறு எங்களோடு சரியாக வந்தது. தொய்யவும் இல்லை, இழுக்கவும் இல்லை. முப்பதாவது படியில் மூச்சு வாங்க நின்றபோது மேலே பார்த்தேன். அத்தான் குனிந்து கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை பார்த்தபோது அவருக்குப் பின்னால் அக்காவும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிடித்து ஒன்றும் ஆகப் போவதில்லை. தூண்தான் தாங்குகிறது. ஆனாலும் பிடித்திருந்தாள்.

மேடையில் நாற்காலியை வைத்தோம். சின்னவன் விளிம்பு வரைக்கும் தள்ளச் சொல்லிக் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"பயமா இருக்காடா?" என்றான் கிரீஸ்.

"இல்ல. ஒன்னுமே இல்ல. பயமாவது இருக்கும்னு நெனச்சு வந்தேன்." குனிந்தபடியே, "இடது பாதம் அரிக்குது" என்றான். கிரீஸ் அனிச்சையாகக் குனிந்து கையை நீட்டினான். அங்கே நாற்காலியின் மிதிகட்டைதான் இருந்தது. அதைப் பார்த்துச் சின்னவன் சிரித்தான். "விடுடா. சொறிஞ்ச மாதிரியே இருந்துச்சு."

ஏறும்போது உயிர் போனது. மேலே வந்து நாற்காலியைச் சமதளத்தில் வைத்ததும் நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். குழியில் இறங்கினவன் முதலில் கழற்ற வேண்டும், மேலே நின்றவன் கடைசி. சின்னவன் தன் பூட்டைக் கழற்றினான். கிரீஸ், வயர்மேன் கழற்றினார்கள். அத்தானின் பூட்டு ஒன்று மட்டும் தொங்கியது.

அத்தான் சாவியை எடுத்தார். பூட்டைப் பார்த்தார். சாவியை உள்ளே விடக் கை வரவில்லை.

"ஆள் வெளியேவா?" என்று கேட்டார். கழற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது. அந்தத் திங்கட்கிழமை கேட்காத கேள்வி.

"வெளியே" என்றான் சின்னவன், இரண்டடி தூரத்தில் இருந்துகொண்டு.

"ஆள் வெளியேவா?"

"வெளியே, அத்தான்."

மறுபடி கேட்டார். சின்னவன் மறுபடி சொன்னான். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, பத்துக்கு மேல் இருக்கும். சின்னவன் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. வயர்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் அக்கா போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"அவன் வெளியே வந்துட்டான். நான் பாத்தேன். கழட்டுங்க, முட்டை வீணாப் போயிடும்."

அத்தான் கழற்றினார். கவ்வி வாயைத் திறந்தது. பூட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். ஒழுங்காக, வளையம் வளையமாக, வேலை முடிந்து சுருட்டுகிற மாதிரி சுருட்டினார்.

மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரொட்டி காய்ந்திருந்தது. அத்தான் தன் முட்டையில் ஒன்றை உரித்து அக்கா பக்கம் நகர்த்தினார். அவள் எடுத்துச் சாப்பிட்டாள். சின்னவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து, முட்டை ஓட்டை அதில் பொட்டலம் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தான். அது ஹாஸ்டல் விண்ணப்பம். பிரித்துப் பார்த்ததால்தான் தெரியும். போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது அக்கா என் பக்கத்து சீட்டில் ஏறினாள். பின்னால் கிரீஸ்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தான். கண்ணாடியில் பார்த்தேன். அத்தான் சின்னவன் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். சின்னவனும் தூங்கிக்கொண்டிருந்தான். வெயில் சாய்ந்து ரோடெல்லாம் மஞ்சளாக இருந்தது.

"அவர் அஞ்சு மாசமா தூங்கல" என்றாள் அக்கா. "நான் புரண்டு படுத்தா முழிச்சிட்டு இருப்பார். பூட்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இப்படிக் கிடக்கறாருன்னு நான் கண்ணை மூடிக்குவேன்."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"அவர் விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்க்கா."

"என்னுதும் தெரியும்."

"தெரியும்."

"ரெண்டும் தெரிஞ்சு தினம் காலையில வந்து வாசல்ல நின்னியா?"

"நீங்கதானேக்கா சத்தியம் வாங்கினீங்க. அவரும் கையைப் பிடிச்சு, மூச்சு விடாதேன்னார். கொடுத்த வாக்கு..."

"ஏன்டா," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "சொல்லாதேன்னு சொன்னா சொல்லாமலே இருந்துடுவியா?"

அந்தக் கேள்வி கேட்டு இப்போது ஒரு வருஷம் ஆகிறது. பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு அதுதான் காதில் விழுகிறது.

கிரீஸையும் வயர்மேனையும் அவரவர் தெருவில் இறக்கிவிட்டு அத்தான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். விளக்கு போடுகிற நேரம். பழக்கதோஷம், கை தானாக ஹாரனுக்குப் போனது. எடுத்துக்கொண்டேன். பின்னால் இரண்டு பேரும் எழவில்லை.

"எழுப்பட்டுமாக்கா?"

"வேணாம். தூங்கட்டும்."

"அப்ப நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

"உக்காரு" என்றாள் அக்கா.

எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.